தென்னம்பிள்ளை தாயைப்போல வருமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போகும் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது மகாராஜபுரம். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி மலை ஏறப் போகிறவர்கள் இந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் பார்க்காமல் போக முடியாது. அருகிலேயே பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு, கோவிலாறு அணைகள். அணை நீரும் கண்மாயும் கிணறும் சேர்ந்து நெல், தென்னை, மா என்று வெள்ளாமை நடக்கிற பூமி. கிழக்கே கரிசல் பக்கம் இறங்கினால் பருத்தி.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓயாமல் வரும் கவலை ஒன்று உண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து ஒரு மரம் போகும். சிவப்புக் கூன்வண்டு உள்ளே புகுந்து இன்னொரு மரம் சாயும். மலையிலிருந்து இறங்கும் யானை ஒரே இரவில் சிலவற்றைத் தள்ளிவிட்டுப் போகும். காலியான அந்த இடத்தில் எந்தக் கன்றை வைப்பது என்பதே கவலை.

வழக்கமான பதில் எல்லாருக்கும் தெரியும். காய் வெட்ட ஆள் வந்த அன்று தோப்புக்காரர் அண்ணாந்து பார்த்துச் சொல்வார்: "அண்ணாச்சி, வாய்க்கா ஓரத்து மரம் நல்லாக் காய்க்குது. அதுல நாலு நெத்து சேத்துப் போட்டு வைங்க, விதைக்கு ஆகும்." அந்த நாலு நெற்றும் கிணற்றடி ஈரத்தில் கிடந்து முளைக்கும். முளைத்ததெல்லாம் குழிக்குப் போகும். அப்புறம் ஏழெட்டு ஆண்டு தண்ணீர், உரம், கூலி. கடைசியில் நாலில் ஒன்று தாய்மரம் போலக் காய்க்கும். ஒன்று பாளை விடும், குரும்பை நிற்காது. மற்றொன்றில் காய் சிறுத்துப் போகும். நட்டவர் மண்ணைக் குறை சொல்வார், உரத்தைக் குறை சொல்வார்.

குறை பெரும்பாலும் அங்கே இல்லை. தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்பார்கள். சேலைக்கு அது சரி. நெட்டைத் தென்னைக்குப் பாதிதான் சரி. தென்னம்பிள்ளையின் தாய் யார் என்று தோப்புக்காரருக்குத் தெரியும். தகப்பன் யார் என்று தெரியாது.

பாளைக்குள்ளே என்ன நடக்கிறது?

வெடித்த பாளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாளைக்குள் பல கிளைக்கதிர்கள். ஒவ்வொன்றிலும் நெல்மணி ஒட்டினாற்போல நெருக்கமாக இருப்பவை ஆண்பூக்கள். கிளைக்கதிரின் அடியில் உருண்டையாக ஒன்றோ இரண்டோ இருக்கும், அவை பெண்பூக்கள். அவைதான் குரும்பையாகி, இளநீராகி, நெற்றாகின்றன. ஒரு பாளையில் ஆண்பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பெண்பூக்கள் சில பத்துகளே.

பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பருத்தியில் ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் சேர்ந்திருக்கின்றன. தென்னை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரம் ஒன்று, பாளையும் ஒன்று, ஆனால் பூ இரண்டு விதம்.

அப்படியானால் ஒரே பாளையின் ஆண்பூ அதே பாளையின் பெண்பூவைச் சூல் பிடிக்கச் செய்யலாமே என்று தோன்றும். நெட்டை மரத்தில் அதற்கு இயற்கை இடம் கொடுப்பதில்லை. பாளை வெடித்ததும் முதலில் மலர்பவை ஆண்பூக்கள். நுனியிலிருந்து அடிநோக்கி ஒவ்வொன்றாக மலர்ந்து, மகரந்தத்தை உதிர்த்துக் கீழே விழுகின்றன. இது சுமார் மூன்று வாரம் நடக்கிறது. ஆண்பூக்கள் அனேகமாக எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகுதான் பெண்பூக்கள் முகம் விரித்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகின்றன. ஒரு பெண்பூ அப்படித் தயாராக இருப்பது ஓரிரண்டு நாள்தான். அந்த நேரத்தில் காற்றோ தேனீயோ எறும்போ வேறொரு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். அதே மரத்தில் அடுத்த பாளை முந்தி வெடித்துவிட்டால் சில நேரம் சொந்த மகரந்தம் சேருவதும் உண்டு. ஆனால் பொதுவிதி அயல் மகரந்தச் சேர்க்கைதான்.

வாய்க்கால் ஓரத்து நல்ல மரத்தின் காய்க்குத் தகப்பன், பக்கத்துத் தோப்பில் வருஷத்துக்கு இருபது காய் காய்க்கும் சோம்பேறி மரமாகவும் இருக்கலாம். ஒரே குலையில் தொங்கும் பத்துக் காய்க்குப் பத்துத் தகப்பன் இருந்தாலும் வியப்பில்லை.

குட்டைத் தென்னையின் கதை வேறு. அதில் ஆண்பூ மலரும் காலமும் பெண்பூ தயாராகும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சொந்த மகரந்தமே பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது. அதனால் குட்டையின் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே வரும். குட்டை மூன்று நான்கு ஆண்டில் பாளை விடும், காயும் நிறைய வரும். ஆனால் கொப்பரைக்கு நெட்டைதான். குட்டைக்கு ஆயுளும் குறைவு, வறட்சியைத் தாங்கும் திறனும் குறைவு. இளநீருக்கு நல்லது என்பதற்காக ஏக்கர் கணக்கில் குட்டை வைக்கிறவர்கள் தண்ணீர் நிச்சயமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பாளை பற்றி இன்னொரு சேதி. இன்று வெடிக்கும் பாளையின் கரு, குருத்துக்குள் ஏறக்குறைய 32 மாதம் முன்பே உருவாகிவிட்டது. பாளை வெடித்தபின் காய் முற்ற மேலும் 12 மாதம் ஆகும். ஆக, ஒரு நெற்றின் பின்னால் ஏறக்குறைய 44 மாத உழைப்பு இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டின் அடி, மழை நன்றாகப் பெய்த அடுத்த ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் காய்ப்பில் தெரிவது இதனால்தான். இந்த வருஷம் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தும் காய் இல்லையே என்று சலித்து மரத்தை வெட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாவிலும் இதே தொல்லைதான்

ராஜபாளையம் வட்டாரத்தில் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மாம்பழத்துக்குப் பெயர் உண்டு. நல்ல பழம் தின்றவர் கொட்டையைக் கொல்லையில் புதைக்கிறார். எட்டுப் பத்து ஆண்டு கழித்துப் பழம் வருகிறது. ருசி வேறு, நார் வேறு, அளவு வேறு.

மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள். அவற்றில் பல வெறும் ஆண்பூக்கள். சில இருபால் பூக்கள். இருபால் பூவில் மட்டுமே பிஞ்சு பிடிக்கும். மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் ஈக்களும் சிறு பூச்சிகளும். மரம் நிறையப் பூத்தும் கைப்பிடி அளவு பிஞ்சு நிற்பதற்கு இது ஒரு காரணம். பூத்த நேரத்தில் கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் தத்துப்பூச்சியோடு சேர்ந்து, மகரந்தம் சுமக்கும் ஈயும் சாகும்.

நம் நாட்டு மா ரகங்கள் பெரும்பாலானவற்றில் கொட்டைக்குள் கரு ஒன்றே. அந்தக் கரு தாயும் தகப்பனும் கலந்தது. அதனால்தான் கொட்டைக்கன்று தாயைப்போல வருவதில்லை. மேற்குக் கடற்கரையில் உள்ள ஒலூர், பப்பக்காய், குறுக்கன் போன்ற சில ரகங்களின் கொட்டை இதற்கு விலக்கு. ஒரு கொட்டையைப் போட்டால் மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் சம்பந்தமே இல்லாமல், தாயின் திசுவிலிருந்தே உண்டான கருக்கள். அவை அச்சு அசலாகத் தாய்தான். வேர்ச்செடிக்கு இந்த ரகங்களை விரும்புவதற்குக் காரணமும் அதுவே.

மற்ற மாவுக்கு வழி ஒட்டுக் கட்டுவது. கொட்டையில் முளைத்த வேர்ச்செடியின் மேல் நல்ல மரத்தின் குச்சியை வைத்து இறுகக் கட்டினால் இரண்டும் ஒன்றாகின்றன. வேர் எதுவாக இருந்தாலும் மேலே காய்ப்பது தாய்மரத்தின் பழம். நாலைந்து ஆண்டில் பலனும் வந்துவிடும். அதிலும் ஓர் எச்சரிக்கை: ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அது மேலோங்கி, ஒட்டு பட்டுப்போய், காசு கொடுத்து வாங்கிய நல்ல ரகம் காட்டு மாவாக மாறியதுபோல் ஆகிவிடும். நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வரும் புகார்களில் சில இப்படிப்பட்டவை.

தென்னைக்கு ஏன் ஒட்டு இல்லை?

மாவுக்கு ஒட்டுக் கட்டலாம் என்றால் தென்னைக்கு ஏன் கூடாது? இந்தக் கேள்விக்குப் பதில் பூவில் இல்லை, தண்டில் இருக்கிறது.

மாங்கொட்டையை உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிரியும். அவை இரண்டு வித்திலைகள். பருத்தி, புளி, வேம்பு, அவரை எல்லாம் இந்த இருவித்திலைக் கூட்டம். இலையில் நரம்பு வலைபோல் ஓடும்; ஆணிவேர் இறங்கும். நெல், சோளம், வாழை, பனை, தென்னை ஆகியவை ஒருவித்திலைக் கூட்டம். இலை நரம்பு ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஆணிவேருக்குப் பதில் சல்லிவேர். தேங்காய்க்குள் அந்த ஒற்றை வித்திலையை யாரும் பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டாம். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு போன்ற பந்து ஒன்று இருக்கும். தேங்காய்ப்பூ என்று பிள்ளைகள் ஆசையாகத் தின்பது அதைத்தான். கன்றுக்காகப் பருப்பையும் நீரையும் உறிஞ்சிக் கொடுக்கும் வித்திலையின் பாகம் அது. மூன்று கண்ணில் மெதுவான ஒரு கண்ணுக்கு அடியில்தான் கரு இருக்கிறது. முளையும் அதன் வழியேதான் வருகிறது.

மாமரத்தின் பட்டையை உரித்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழப்பான மெல்லிய படலம் தெரியும். கேம்பியம் என்பது அதன் பெயர். மரம் ஆண்டுதோறும் பருப்பது அதனால். வெட்டுப்பட்ட இடம் மூடுவதும் அதனால். ஒட்டில் வேர்ச்செடியின் கேம்பியமும் தாய்க்குச்சியின் கேம்பியமும் தொட்டு வளர்ந்து இணைகின்றன. தென்னந்தண்டில் இந்தப் படலமே கிடையாது. சாறு ஏறும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெட்டிய இரண்டு துண்டை ஒன்றாகக் கட்டினாலும் ஒட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

இதனால் வரும் மற்ற விளைவுகளும் தோப்புக்காரருக்கு முக்கியம். தென்னந்தண்டில் போட்ட வெட்டு ஆயுள் முழுக்க வெட்டாகவே இருக்கும். ஏறுவதற்காக அரிவாளால் படி வெட்டுகிறவர்கள் கூன்வண்டுக்குக் கதவு திறந்து வைக்கிறார்கள். வறட்சியிலும் பட்டினியிலும் வளர்ந்த காலத்தில் இடுப்பு சிறுத்த மரம், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடத்தில் பருக்காது. பழைய தோப்பில் மரத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் நல்ல காலமும் பஞ்ச காலமும் தண்டிலேயே தெரியும்.

உச்சியில் இருப்பது ஒரே குருத்து. யானை தின்ன வருவது அதைத்தான். மேற்கே உள்ள மலைக்காடு 1988ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டை ஒட்டிய தோப்புகளில் யானை புகுவது அடிக்கடி கேட்கும் சேதி. மாமரத்தில் கிளையை முறித்துப் போட்டால் கணுவில் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு புதுத்துளிர் வரும். இரண்டு மூன்று ஆண்டில் மரம் தேறிவிடலாம். தென்னையின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டால் மரத்துக்கு மறுபிறப்பு இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் சேதம் என்று எழுதினால், தென்னை வைத்தவரின் நஷ்டம் முழுதாகத் தெரியாது. அவருக்குப் போனது அந்த ஆண்டுக் காய் மட்டுமல்ல. மரமும், மாற்று மரம் காய்க்கும்வரை காத்திருக்கும் ஆண்டுகளும் சேர்ந்தே போகின்றன.

வாழையும் ஒருவித்திலைத் தாவரம்தானே, அதற்குக் கன்று வருகிறதே என்று கேட்கலாம். வாழைக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. பக்கக்கன்று தாயின் உடம்பிலிருந்தே வருவதால் ரகம் மாறாது. தென்னைக்குப் பக்கக்கன்று இல்லை. திசு வளர்ப்பில் தென்னங்கன்று உண்டாக்க ஆராய்ச்சிக்கூடங்களில் பல ஆண்டுகளாக முயற்சி நடக்கிறது. ஆனால் வாழைபோலக் கேட்டவுடன் வாங்கி நடும் அளவுக்கு அது தோப்புக்காரர் கைக்கு வரவில்லை. ஆக, தென்னைக்கு நெற்று ஒன்றே வழி.

நெட்டைக்கும் குட்டைக்கும் கல்யாணம்

தகப்பன் யார் என்று தெரியாததுதான் தொல்லை என்றால், தகப்பனை நாமே தேர்ந்தெடுத்தால் என்ன? 1930களில் சென்னை மாகாண அரசின் எண்ணெய்வித்து நிபுணராக இருந்த டாக்டர் ஜே. எஸ். பட்டேல் இதைச் செய்து பார்த்தார். அப்போது சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்த நீலேசுவரம் பண்ணையில், நெட்டையின் பெண்பூவில் குட்டையின் மகரந்தத்தைச் சேர்த்துக் கன்று உண்டாக்கினார்கள். கலப்பில் பிறந்த கன்று தாயைவிட முந்திக் காய்த்தது. தென்னையில் வீரிய ஒட்டு பிறந்தது அங்கேதான்.

தமிழ்நாட்டில் தஞ்சை மாவட்டத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில் வி.எச்.சி. 1 ரகத்தை 1982லும், வி.எச்.சி. 2 ரகத்தை 1988லும், வி.எச்.சி. 3 ரகத்தை 2000லும் வெளியிட்டது. நம் கிழக்குக் கடற்கரை நெட்டை தாய், குட்டை தகப்பன். வேலை எளிதல்ல. மரமேறி, பாளை வெடித்ததும் ஆண்பூ எல்லாவற்றையும் நீக்கி, பெண்பூ தயாராகும் நாளில் மகரந்தம் தூவ வேண்டும். ஒரு பாளைக்கே பலமுறை ஏற வேண்டும். கன்றின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சாவக்காடு ஆரஞ்சு குட்டையைத் தாயாக வைத்து உண்டாக்கும் கன்றில் ஒரு வசதி உண்டு. கலப்பு நடக்காமல் சொந்த மகரந்தத்தில் பிறந்த கன்றின் மட்டை ஆரஞ்சு நிறமாகவே இருக்கும். உண்மையான கலப்புக் கன்றின் மட்டையில் பச்சையோ பழுப்போ கலந்திருக்கும். இந்த வகைக் கன்று வாங்கப் போகிறவர் மட்டையின் நிறத்தைப் பார்த்தே தரம் பிரிக்கலாம்.

வீரிய ஒட்டின் காயை மறுபடி விதைக்கு வைக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, நெட்டையும் குட்டையும் நல்லதும் கெட்டதும் கலந்து வரும். கரிசல்காட்டுப் பருத்தி விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். வரிசைப் பருத்தி ரகங்களில், கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் சொந்த விதையை எடுத்து வைக்கலாம். பருத்திப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும். வீரிய ஒட்டுப் பருத்தி போட்டவர் ஒவ்வொரு ஆண்டும் புது விதைதான் வாங்க வேண்டும். பருத்தியில் தவறினால் ஒரு பருவத்தோடு போகும். தென்னையில் தவறினால் பிள்ளைகள் காலம்வரை தொடரும்.

வாய்க்கால் ஓரத்து மரம் வேண்டாம்

வீரிய ஒட்டுக்குத் தண்ணீரும் உரமும் குறையாமல் கொடுக்க வேண்டும். கிணறு வற்றும் தோப்புக்கு நெட்டையே பொருத்தம். சொந்தத் தோப்பில் விதை எடுப்பதும் தவறில்லை. தகப்பனைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும் தாயைத் தேர்ந்தெடுக்கலாம், பிள்ளைகளிலும் பொறுக்கலாம்.

தாய்மரம் வாய்க்கால் ஓரத்திலோ, கிணற்றடியிலோ, மாட்டுக்கொட்டகை பக்கத்திலோ இருக்கக் கூடாது. அங்கே நிற்கும் மரம் நன்றாகக் காய்ப்பது கூடுதல் ஊட்டத்தாலும் இருக்கலாம். ஊட்டத்தைக் கன்றுக்குச் சீதனமாக அனுப்ப முடியாது. தோப்பின் நடுவில், மற்ற மரங்களுக்குக் கிடைப்பதையே தின்று, மற்றவற்றைவிடக் கூடுதலாகக் காய்க்கும் மரமே குணத்தால் உயர்ந்தது. சுற்றிலும் நல்ல மரங்களாக இருந்தால் தகப்பன் மோசமாக அமையும் வாய்ப்பும் குறையும். வயது 25க்கு மேல், ஆண்டுக்கு 100 காய்க்குக் குறையாமல், அதுவும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அல்லாமல் தொடர்ந்து காய்த்திருக்க வேண்டும். கொண்டையில் 30 மட்டைக்கு மேல் விரிந்து, மட்டையின் அடி குட்டையாகவும் பருமனாகவும், குலையைத் தாங்கி உட்கார வைத்தாற்போல இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஒரு நாள் போதாது. ஒவ்வொரு வெட்டிலும் மரத்துக்கு எண் போட்டுக் காயை எண்ணி, நாலைந்து ஆண்டு நோட்டில் எழுதி வைத்தவருக்குத்தான் எந்த மரம் தாய் என்று தெரியும். எண்ணாமல் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

மாசி முதல் வைகாசி வரை நெற்று சேர்க்க ஏற்ற காலம். 11, 12 மாதம் முற்றிய காயாக, ஆட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்பதாக இருக்க வேண்டும். உயரமான மரத்தில் குலையைக் கயிறு கட்டி இறக்குவது நல்லது. நெட்டைக் காயை ஒரு மாதம் நிழலில் வைத்துப் பிறகு நாற்றங்காலில் ஒரு அடி இடைவெளியில் பதிக்கலாம்.

இங்கேதான் கடைசிச் சல்லடை. முந்தி முளைப்பதே வீரியமுள்ள கன்று. ஐந்து மாதம் ஆகியும் முளைக்காத நெற்றைத் தயங்காமல் எண்ணெய்க்கு அனுப்பலாம். 9 முதல் 12 மாதக் கன்றில் குறைந்தது 6 இலையும், கழுத்தில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் வேண்டும். இலை சீக்கிரமே கீற்றாகப் பிரிவது நல்ல அடையாளம். இந்த அளவுக்கு வராததைப் பாவம் பார்த்து ஓரத்தில் நட்டு வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. பத்து நெற்றில் மூன்று நாலைக் கழிப்பது சாதாரணம் என்று வைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் நெற்று போட வேண்டும்.

ஒரு தாயின் கன்றுகள் நாற்றங்காலில் ஒரே சீராக, திடமாக வந்தால் அந்த மரத்துக்கு நோட்டில் ஒரு குறி போட்டு வைக்கலாம். தகப்பன் யாராக இருந்தாலும் தன் குணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் மரம் அது. அடுத்த ஆண்டு நெற்றை அதிலிருந்தே எடுக்கலாம். குழி மூன்று அடி ஆழ, அகல, நீளம். மரத்துக்கு மரம் 25 அடி. நடவுக்கு ஆனி, ஆடி ஒரு பருவம். மார்கழி, தை இன்னொரு பருவம்.